ஜாடிக்குள் இருக்கும் தவளையைக் காட்டுங்கள்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் தவளைச் சேகரிப்புகளைப் பராமரிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஜாடியில் இருக்கும் ஒரு தவளை மாதிரியை ஒப்பிட்டுப் பார்க்க இரவலாக அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். போன வாரம் உங்களில் ஒருவரிடமிருந்து எங்கள் குழுவுக்குப் பதில் வந்தது. பதினான்கு மாதம் காத்திருந்தோம். மாதிரியை வெளியே அனுப்ப இயலாது, நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டே வரி. எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை. இதே பதில் வேறு ஊர்களிலிருந்தும் எங்களுக்கு வந்திருப்பதால் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஈக்வடாரில், கீட்டோ நகருக்கு வடமேற்கே, ஆண்டிஸ் மலையின் மேற்குச் சரிவில் மேகம் படிந்தே கிடக்கும் காடு. மழை விட்ட ஓர் இரவில் இலையின் மேல் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. நீளம் இருபது மில்லிமீட்டர். பிரிஸ்டிமான்டிஸ் பேரினம் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. உள்ளூரில் குத்தீன் என்பார்கள். தண்ணீரைத் தேடாமல் ஈரத் தரையிலேயே முட்டையிடும். தலைப்பிரட்டையாக இருக்காமல் நேராகக் குட்டித்தவளையாகவே வெளியே வரும். ஆனால் அந்தப் பேரினத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இது அவற்றில் ஒன்றா, இதுவரை பெயரே வைக்காத ஒன்றா?

பக்கத்து மலையிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் விவரிக்கப்பட்ட ஓர் இனம் இதற்கு மிக நெருக்கமாக இருக்கிறது. அந்த விவரிப்பு அரைப் பக்கம்தான். படம் கிடையாது. முதுகுத் தோல் வழவழப்பானது என்கிறது. எங்கள் தவளையின் முதுகில் முள் முள்ளாகப் புடைப்புகள். அப்படியானால் வேறு இனம் என்று எழுதிவிடலாமே என்று யாராவது கேட்டால், அதே மலைச்சரிவு அதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது.

லாஸ் கிராலாரியாஸ் காப்புக்காட்டில் கிடைத்த பிரிஸ்டிமான்டிஸ் மியூட்டாபிலிஸ் உங்களுக்கு நினைவிருக்கும். முள் நிறைந்த ஒரு தவளையை ஆய்வாளர்கள் பிடித்துக் குவளையில் வைத்தார்கள். அப்புறம் எடுத்துப் பார்த்தால் முதுகு வழவழ என்று இருந்தது. தவறான தவளையைக் கொண்டுவந்துவிட்டோம் என்றே முதலில் நினைத்தார்கள். பாசியை உள்ளே வைத்ததும் முள் திரும்ப வந்தது. சுமார் ஐந்தரை நிமிடத்தில் தோலின் அமைப்பே மாறிவிடுகிறது என்று 2015-ல் கட்டுரை வெளியானது. இன்னொரு இனமான சோபிடெஸும் இதைச் செய்கிறது என்று அதே குழு காட்டியது. தோல் எப்படி இருக்கிறது என்பதை வைத்து எத்தனை இனங்களைப் பிரித்திருக்கிறோம்! அந்தச் சொற்களை இனி அப்படியே நம்ப முடியாது. பெயருக்கு ஆதாரமாக வைத்திருக்கும் அந்த ஒற்றை உடலையே, அந்த வகைமாதிரியையே, பார்த்தாக வேண்டும். அது உங்கள் அலமாரியில் இருக்கிறது.

எங்கள் குழுவின் இளம் ஆய்வாளர் அந்த மலையடிவாரக் கிராமத்தில் பிறந்தவர். அவர் பார்க்க வேண்டியது நான்கு விஷயங்கள்தான்: கையின் முதல் இரண்டு விரல்களின் நீளம், செவிப்பறை வெளியே தெரிகிறதா, மேல்வாயில் பல் வரிசை எப்படி இருக்கிறது, குதிகாலில் புடைப்பு உண்டா. உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் பத்து நிமிட வேலை. அதற்காக அவர் இரண்டு முறை விசாவுக்கு விண்ணப்பித்தார். இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். கட்டிய பணம் திரும்ப வரவில்லை. சரி, படமாவது அனுப்புங்கள் என்று கேட்டோம். ஜாடிக்கு வெளியிலிருந்து எடுத்த ஒரு படம் வந்தது. கண்ணாடியின் பளபளப்பும் ஒரு சீட்டும் தெரிகின்றன; விரல் தெரியவில்லை. அதை வெளியிட வேண்டுமானால் தனிக் கட்டணம் என்றும் ஒரு குறிப்பு. தன் ஊர்க்காட்டில் பிடித்த தவளையின் விரலைப் பார்க்க அவர் இன்னும் யாரிடம் போய் நிற்க வேண்டும்?

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். தென் அமெரிக்கக் காடுகளிலிருந்து வந்த ஒவ்வொரு வகைமாதிரிக்கும் முதுகு, வயிறு, பக்கவாட்டு, உள்ளங்கை, உள்ளங்கால் என்று தெளிவான படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வையுங்கள். சேகரித்தவரின் களக்குறிப்புப் பக்கங்களையும் சேர்த்து வையுங்கள். சாராயத்தில் நிறம் வெளுத்துப்போன தவளைக்கு, அது உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்று சொல்ல அந்தக் குறிப்பு மட்டும்தான் மிச்சம்.

பெயருக்கு ஏன் இத்தனை அவசரம் என்று நினைக்கலாம். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட நீள்மூக்கு அட்டெலோபஸ் தவளை 2016-ல் ஈக்வடாரின் இன்டாக் பள்ளத்தாக்கில் திரும்பக் கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் செப்புச் சுரங்கத்துக்கு எதிரான வழக்கில் அதைச் சாட்சியாக நிறுத்தினார்கள். 2023-ல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. பெயர் இருந்ததால் நிறுத்த முடிந்தது. பெயரில்லாத தவளையை எந்தப் பட்டியலில் சேர்ப்பது, எந்த நீதிமன்றத்தில் காட்டுவது?

இதைச் சொல்லும்போது பழைய கோபமும் கூடவே வருகிறது. 1970-களில் அமெரிக்க வேதியியலாளர் ஜான் டேலி தென்மேற்கு ஈக்வடாரில் சேகரித்த சிறு தவளைகளின் தோலிலிருந்துதான் எபிபாட்டிடின் கிடைத்தது. மார்ஃபினைவிடப் பல மடங்கு வலுவாக வலியை அடக்கும் பொருள். 1992-ல் அதன் அமைப்பு வெளியானதும் மருந்து நிறுவனங்கள் அதன் பின்னால் ஓடின. ஒரு நாட்டின் உயிர்வளத்தை உரிமையில்லாமல் எடுத்துப்போகும் உயிர்க்கொள்ளை இது என்ற குற்றச்சாட்டு ஈக்வடாரில் எழுந்தது. அந்தத் தவளையைக் கட்டுரைகளில் டிரைகலர் என்று எழுதினார்கள். அது ஆன்டனியி என்ற வேறு இனம் என்பது பின்னால்தான் தெளிவானது. காட்டிலிருந்து எடுத்துப் போவதில் இருந்த வேகம், எடுத்தது எது என்று சரியாகச் சொல்வதில் இல்லை. இன்று அந்த நாட்டின் பல்கலைக்கழகங்களில் முதல்தர ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கீட்டோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தன் நாட்டுத் தவளைகளின் படங்களையும் விவரங்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது. அவர்களால் முடிந்தது உங்களால் முடியாதா?

பாதுகாப்புதான் காரணம் என்கிறீர்கள். சிறு உடல், தபாலில் காய்ந்துபோகும், தொலைந்துபோகும் என்ற பயம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அலமாரியும் பத்திரமான இடமில்லை. 2010 மே மாதம் பிரேசிலில், சாவ் பாவ்லோவின் புட்டான்டான் நிறுவனத்தில் பிடித்த தீ பல்லாயிரம் பாம்பு மாதிரிகளைச் சாம்பலாக்கியது. எரிந்ததற்குப் பிறகு படம் எடுக்க முடியாது. அமெரிக்காவில் பல அருங்காட்சியகங்கள் ஒன்றுசேர்ந்து 13,000 முதுகெலும்பி மாதிரிகளை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கின்றன. ஜாடியைத் திறந்து, எலும்பு வரை பார்த்து, பத்திரமாகத் திரும்ப மூடியிருக்கிறார்கள்.

கோபத்தில் ஏதாவது கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நூறு வருடமாக அந்த உடல்களைக் காய்ந்துபோகாமல் காத்துவரும் உங்கள் உழைப்பின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. அடுத்த முறை ஜாடிகளுக்குச் சாராயம் நிரப்பத் திறக்கும்போது வகைமாதிரிகளை வெளியே எடுத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். எங்கள் தவளையோடு ஒப்பிட வேண்டிய அந்த வகைமாதிரியின் உள்ளங்கைப் படத்தை முதலில் எடுத்தால் நன்றியுள்ளவர்களாக இருப்போம். முதல் விரல் மடங்கியிருக்கும். மெதுவாக நீட்டிவிட்டு எடுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் காட்டில் வேலை செய்யும் ஒரு கள ஆய்வாளர்