‘பிரபஞ்சம்’ ஐந்தில் பிறந்த சொல்லா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான தத்துவக் கட்டுரை, பஞ்ச பூதங்களால் ஆனதால்தான் ‘பிரபஞ்சம்’ என்ற பெயர் வந்தது என்கிறது. பலரும் சொல்லும் விளக்கம்தான். ஆனால் சொல்லின் பிறப்பு அதுவன்று. ‘பிர’ என்னும் முன்னொட்டுடன் விரித்தலைக் குறிக்கும் ‘பஞ்ச்’ என்னும் வினையடி சேர்ந்து உண்டானது இச்சொல். ஒலி ஒத்திருந்தாலும் ஐந்து என்னும் எண்ணுப்பெயர் வேறு. வடமொழி உரையாசிரியர்கள் சுருங்கச் சொன்னதை விரித்துரைப்பதையும் ‘பிரபஞ்சம்’ என்றே குறித்தார்கள். அங்கே பூதங்களுக்கு வேலையே இல்லை.

மாண்டூக்ய உபநிடதத்தின் ஏழாவது மந்திரம், விழிப்பு, கனவு, உறக்கம் ஆகியவற்றைக் கடந்த நான்காம் நிலையான துரியத்தைப் ‘பிரபஞ்சோபசமம்’, அதாவது பிரபஞ்சம் ஓய்ந்த நிலை என்கிறது. பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனரும் தம் மூலமத்தியமக காரிகை என்னும் நூலின் தொடக்க வணக்கத்தில் இதே தொடரை ஆள்கிறார். வேதாந்தமும் பௌத்தமும் பலவற்றில் மோதிக்கொண்டவை. இருந்தும் இரண்டும் ஓய வேண்டியதாகக் கண்டது நிலத்தையும் நீரையுமா, பலவாக விரிந்து தோன்றும் தோற்றத்தையா என்று கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருக்கலாம். பாலி மொழியில் ‘பபஞ்ச’ என்று வரும் இச்சொல் இன்னும் உள்ளே போகிறது: புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள ‘மதுபிண்டிக சுத்த’ என்னும் உரை, நுகர்ந்ததை மனம் அறிகிறது, அறிந்ததைச் சிந்திக்கிறது, சிந்தித்ததை மேன்மேலும் விரித்துக்கொண்டே போகிறது என்று படிப்படியாகக் காட்டி, அந்த விரிவுக்கே இப்பெயரைத் தருகிறது.

கட்டுரையாளர் துணைக்கு அழைத்திருக்கும் தொல்காப்பிய மரபியல் நூற்பாவோ, ‘நிலம் தீ நீர் வளி விசும்போடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்’ என்று உலகத்துக்குத்தான் இலக்கணம் கூறுகிறது. ஐந்தின் கலப்பே உலகு என்ற அக்கருத்து அழகானது. அதைக் கொண்டு வேறொரு சொல்லுக்கு வேர் காண்பதுதான் பொருந்தவில்லை.

‘அண்டம்’ என்பதையும் பிரபஞ்சத்துக்கு நேர்ச்சொல்லாக அவர் வைத்துவிட்டார். முட்டை என்னும் பொருளில் பிறந்த அச்சொல் எண்ணத்தக்க உருண்டை ஒன்றைச் சுட்டுவது. அதனால்தான் மாணிக்கவாசகர் திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் அண்டங்களை ‘நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன’ என்று பன்மையில் பாட முடிந்தது. தொடரின் அடுத்த பகுதியில் இவ்விரு சொற்களையும் பிரித்து விளக்குமாறு கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்