நிலையில் ஏறிய கரையான்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். போனில் பேசத் தொடங்கினால் வேலை இருக்கிறது என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படத்தை அப்பா பெரிதாக்கிக் காட்டினார். படுக்கையறைக் கதவு நிலையை ஒட்டிப் பென்சில் தடிமனில் சுவரேறும் அந்த மண்கோடு கரையான்தான். அதை முழுவதும் துடைத்துவிடாதே, மருந்தடிக்க வருகிறவர்கள் அந்தத் தடத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு விரற்கடை மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கவனி. ஈரமண் வைத்து மறுபடி மூடியிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. மூடாவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிடாதே, வேறு வழி கண்டிருக்கும். நிலையைக் கத்திப்பிடியால் கீழிருந்து தட்டிக்கொண்டே போ. பொக்கென்று ஒலிக்கும் இடத்தில் நகத்தால் அழுத்தினால், மேலே பெயிண்ட் மட்டும் தோலாக நின்று, உள்ளே மண்ணும் பொடியுமாக இருக்கும். மழைக்குப் பின் ஜன்னலடியில் இறகுகள் கிடந்தன என்றாயே, நான்கும் ஒரே நீளமாக இருந்தால் ஈசல், அதாவது இறகு முளைத்த கரையான். எறும்புக்கு முன்னிறகு பெரியது.

இதையெல்லாம் நீயே டார்ச் அடித்துக் கண்டுபிடித்தாய் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். எனக்கும் பெருமைதான். மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்றுதான் நீ ஒரு வரியும் எழுதவில்லை.

மண்ணெண்ணெய் ஊற்றாதே. கண்ணில் படுகிற நாலு கரையான் சாகும்; புற்றும் ராணியும் வெளியே மண்ணுக்கடியில் இருக்கும்போது அதனால் என்ன பயன்? முதலில் குளியலறைக் குழாயின் கசிவை நிறுத்து, கரையானுக்கு ஈரம் வேண்டும். கல்யாணத்துக்கு வந்த அட்டைப்பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் சுவரோடு கிடக்கின்றன; இத்தனை நாளாக அவற்றைப் பிரிக்கக்கூட அந்த வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லையா? ஆச்சி பெட்டியையாவது சுவரைவிட்டுத் தள்ளி வை.

கட்டிய வீட்டுக்கு எப்படி மருந்தடிப்பது என்று ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதியில் முறை சொல்லியிருக்கிறார்கள். தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒரு துளையாகப் போட்டு, குளோர்பைரிபாஸ் அல்லது இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, சிமெண்டால் அடைப்பார்கள். வெளிச்சுவர் ஓரத்து மண்ணுக்கும் மருந்து போக வேண்டும். நிலைக்கு மட்டும் அடித்துவிட்டுப் பணம் கேட்பவரை நம்பாதே. டப்பாவின் லேபிளை வாங்கிப் படித்துப் பார். கொல்லைக் கிணறு இருப்பதை முன்கூட்டியே சொல், மருந்து அதில் கசிந்துவிடக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், மண்ணெண்ணெய் வேண்டாம், கசிவை முதலில் பார்.

மருந்தின் நெடி அடங்க ஓரிரு நாள் போதும் என்பார்கள். நீ பத்து நாள் இங்கே வந்து இரு. கரையானுக்கு மருந்தடிக்கிறார்கள் என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். மாப்பிள்ளைக்கு விடுமுறை கிடைத்தால் அவரும் வரட்டும். கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. நாள் குறித்ததும் சொல், அப்பா வந்து அழைத்துவருவார்.

இப்படிக்கு,
அம்மா