கல்யாணத்துக்கு முன் அந்த ஊசி வேண்டாம்

அன்புள்ள கோமதிக்கு,

ரத்னாவுக்குத் தையில் கல்யாணம் என்று படித்ததும் அப்படியொரு சந்தோஷம். இவருக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து இப்போது மாடிப்படி ஏறுகிறார். இரண்டு பேருமாக வந்துவிடுவோம்.

தோல் புற்றுநோயை அறுத்தெடுத்ததில் மூக்கோரம் விழுந்த பள்ளத்தை ஃபில்லர் ஊசியால், அதாவது தோலுக்கடியில் ஜெல் மாதிரி மருந்தை ஏற்றி, நிரப்பிவிடலாம் என்று அழகு கிளினிக்கில் சொன்னார்களாமே. தோல் வார்டில் காலமெல்லாம் நின்றவள் சொல்கிறேன், இப்போது வேண்டாம்டி.

ஆடியில்தானே அறுத்தார்கள்? மேலே ஆறிவிட்டாலும் உள்ளே தழும்பு பக்குவப்பட ஆறு மாதம், பலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அதற்குள் பள்ளம் ஓரளவு தானாகவே சமமாகலாம். இன்றைய அளவுக்கு ஊசி போட்டால் நாளைக்கு அது துருத்திக்கொண்டு நிற்கும்.

எனக்குப் பெரிய பயம் ரத்தக்குழாய்தான். மூக்கைச் சுற்றி ஓடும் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு சேர்ந்தவை. மருந்து தவறி உள்ளே இறங்கினால் தோல் கறுத்துச் செத்துப்போகும். பார்வையே போனவர்களும் உண்டு. உனக்கோ கன்னத்துத் தோலைத் திருப்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள். எந்தக் குழாய் இப்போது எங்கே போகிறது என்று புதிதாக ஊசி பிடிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, உனக்கு வந்த பேசல் செல் கார்சினோமா என்கிற தோல் புற்றுநோய் திரும்ப வந்தால் பெரும்பாலும் பழைய தழும்பை ஒட்டித்தான் தலைகாட்டும். டாக்டர் விரலால் அழுத்திப் பார்க்கிற இடத்தில் ஃபில்லர் இருந்தால் அது மறைக்கும். ஃபில்லரே மாதங்கள் கழித்துக் கட்டியாகத் திரள்வதும் உண்டு. அப்புறம் எது எதுவென்று தெரியாமல் மறுபடி சதையைக் கிள்ளியெடுத்துச் சோதிக்கிற பயாப்ஸி. நம் தோலில் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் கறுப்பாக, மச்சம் மாதிரி வருவதால் முதல் தடவையே எத்தனை நாள் ஏமாந்தோம் பார்.

அறுத்தெடுத்த சதையின் ஓரங்களில் புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார். வருஷம் திரும்பியபின், அறுத்த டாக்டர் சம்மதித்தால் போட்டுக்கொள். அதிலும் ஹயலுரானிக் அமிலம் என்கிற வகை ஃபில்லர் மட்டும்தான். ஏடாகூடமானால் ஹயலுரானிடேஸ் ஊசியால் கரைக்க வழியிருக்கிறது. கரையாத நிரந்தர ஃபில்லர் பக்கமே போகாதே.

கல்யாணத்துக்கு நல்ல கன்சீலர் போதும், நானே போட்டுவிடுகிறேன். வெயிலில் போனால் சன்ஸ்கிரீன் தடவு. ரிப்போர்ட்டைப் படமெடுத்து இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பு.

உன்,
செல்வி