கொலம்போவில் ஆக மோசம் எது: அம்மிணிக்கு ஒரு கடிதம்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணி,

உன் கடிதம் கிடைத்தது. அறையில் நாலு பேரும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் மல்லுக்கட்டி, கொலம்போ என்கிற அமெரிக்க டி.வி. துப்பறியும் தொடரில் ஆக மோசமான எபிசோடு ‘லாஸ்ட் சல்யூட் டு தி கமடோர்’தான் என்று மூன்றுக்கு ஒன்று ஓட்டில் முடித்துவிட்டீர்கள். எதிர் ஓட்டு உன்னுடையது. ஆனால் அந்த இடத்தில் வேறு எதை வைப்பது என்று உனக்கும் பிடிபடவில்லை. ஓட்டுப் போட்டதில் தப்பில்லை கண்ணு, எதற்கு ஓட்டு என்று பேசிக்கொள்ளாமல் போட்டதுதான் தப்பு. ஒருத்திக்கு மோசம் என்றால் போரடித்தது என்று அர்த்தம். இன்னொருத்திக்கு நடிகனைப் பிடிக்கவில்லை. மூன்றாமவளுக்குக் கடைசி ஆதாரம் ஒட்டவில்லை. இது மூன்றும் மூன்று வியாதி. ஒரே மருந்துச் சீட்டில் எழுத முடியாது.

முதலில் பட்டியலைப் பிரி. மொத்தம் 69. அதில் 1968-லும் 1971-லும் வந்த முன்னோட்டப் படங்கள் இரண்டு, 1971 முதல் 1978 வரை என்.பி.சி. என்கிற அமெரிக்கச் சேனலில் 43, 1989 முதல் 2003 வரை ஏ.பி.சி. என்கிற இன்னொரு சேனலில் 24. பழையதில் இரண்டு அளவு உண்டு. ஒன்றரை மணி நேர இடத்துக்கு எடுத்தது விளம்பரம் போக ஒன்றே கால் மணி நேரத்துக்குக் கிட்டத்தில் நிற்கும். இரண்டு மணி நேர இடத்துக்கு எடுத்தது ஒன்றரை மணியைத் தாண்டும். புதியதெல்லாம் பெரிய அளவுதான். பழையதையும் புதியதையும் ஒரே தராசில் நிறுத்தாதே. கொலம்போவாக நடிக்கிற பீட்டர் ஃபாக் அதே ஆள், கோட்டும் அதே மாதிரி, ஆனால் வண்டி ஓட்டுகிற வேகம் வேறு.

புதியதிலிருந்து இரண்டை எடுத்துத் தனியே வை: ‘நோ டைம் டு டை’ (1992), ‘அண்டர்கவர்’ (1994). இரண்டும் எட் மெக்பெயினின் போலீஸ் நாவல்களிலிருந்து எடுத்தவை. முதலாவதில் கொலையே கிடையாது. கல்யாணத்தன்று மணப்பெண்ணைக் கடத்திவிடுகிறார்கள், கொலம்போ தேடுகிறார், அவ்வளவுதான். அதை ‘மோசமான கொலம்போ’ என்பது மோர்க்குழம்பில் ரச வாசனை வரவில்லை என்று குறை சொல்கிற மாதிரி. போட்டியிலேயே சேர்க்க வேண்டாம்.

மிச்சத்துக்கு வருவோம். இந்தத் தொடரில் கொலைகாரன் யார் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்கள். நம்ம பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கிறதே, 21 விளக்கைத் திரைக்குப் பின்னால் ஏற்றி வைத்துக் கம்பராமாயணப் பாட்டைப் பாடிப் பல ராத்திரி இழுக்கிறார்கள். ராவணன் சாவான் என்று தெரியாதவர் யார்? எப்படிச் சாகிறான் என்பதற்குத்தான் அத்தனை விளக்கு. கொலம்போவும் அதே கணக்கு. கொலைகாரன் ஒரு திட்டம் பின்னுகிறான். அதில் எந்த இழையைப் பிடித்து இழுத்தால் அவிழும் என்பதுதான் ஆட்டம். ஆகவே ஒரு எபிசோடு மோசமா இல்லையா என்று பார்க்க இரண்டே கேள்வி போதும்: இழை முன்கூட்டியே நம் கண்ணில் பட்டதா? அந்த இழை கொலைகாரன் கையால் நூற்றதா?

சோதிக்கிற விதம் சொல்கிறேன். கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் பார். கொலைகாரன் யார் என்பது எப்படியும் தெரியப்போகிறது, அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. மடக்குகிற ஆதாரத்தை ஒரே வரியில் நோட்டில் எழுதிக்கொள். அப்புறம் முதலிலிருந்து ஓடவிட்டு, அந்தப் பொருளோ அந்தச் செய்கையோ எந்த நிமிடத்தில் முதல்முதலாகக் கண்ணில் படுகிறது என்று குறி. ஒரே வரியில் எழுத வரவில்லை என்றால் அங்கேயே ஒரு கோளாறு இருக்கிறது. கடைசிக் காட்சிக்கு முந்திய காட்சியில்தான் முதல்முறை வருகிறது என்றால் அது இன்னொரு கோளாறு. பார்க்க உட்கார்வதற்கு முன் ஓடும் நேரத்தைச் சரிபார்த்துக்கொள். டி.வி.க்காக வெட்டின பிரதியில் முதலில் போவது ‘சும்மா பேசுகிற’ காட்சிகள். துப்பு ஒளிந்திருப்பது அங்கேதான். வெட்டுப்பட்டதைப் பார்த்துவிட்டு லாஜிக் இல்லை என்று கத்தினால் பாவம் அந்த எழுத்தாளர் மேல் பழி.

நேர்த்தி எப்படி இருக்கும் என்பதற்கு ‘சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்’ (1971) ஒன்று போதும். கலை விமர்சகன் ஒருத்தன் மாமாவைக் கொன்று, டெகா என்கிற பிரெஞ்சு ஓவியரின் இரண்டு படங்களை எடுத்துப்போய், பழியை அத்தை மேல் போடப் பார்க்கிறான். நடுவில் ஒரு காட்சி. அவன் ஓவியப் பையோடு வீட்டுக்குள் வருகிறான், உள்ளே கொலம்போ உட்கார்ந்திருக்கிறார். ‘என்ன படம், பார்க்கலாமா’ என்று பைக்குள் கையை விடுகிறார், அவன் வெடுக்கென்று பறித்துக்கொள்கிறான். பார்க்கிற நாம் அதை ஒரு பதற்றக் காட்சி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறோம். கடைசியில் ஓவியங்கள் அத்தை வீட்டில் கிடைக்கின்றன. கைரேகை இருக்கிறது. யாருடையது? கொலம்போவுடையது. ‘இப்போதான் தொட்டாய், நான் பார்த்தேன்’ என்று அவன் கத்துகிறான். கொலம்போ இரண்டு கையையும் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுக்கிறார். கையுறை போட்டிருக்கிறார். வசனம் வேண்டியதில்லை. ஆதாரம் நம் கண்ணெதிரில் விழுந்தது, விழக் காரணம் அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

நீளமே குற்றம் என்று உன் தோழி ஒருத்தி சொன்னதாக எழுதியிருக்கிறாய். பாதிதான் நிஜம். ‘எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்’ (1973) இரண்டு மணி நேர இடத்துக்கு எடுத்ததுதான். தம்பியை வைன் அறையில் அடைத்து ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறான் ஒருத்தன். வெயில் கொளுத்துகிறது. ஆள் மூச்சடைத்துச் செத்ததோடு அறையில் இருந்த வைனும் கெட்டுப்போகிறது. கடைசியில் அதே வைனை ஓட்டலில் அவனுக்கே ஊற்றிக்கொடுக்கிறார்கள், சூடுபட்ட வைன் என்று அவன் வாயாலேயே சொல்கிறான். அவன் பெருமைப்பட்டுக்கொண்ட நாக்கே சாட்சி. எத்தனை நிமிடம் ஓடினால் என்ன?

இழுவையைக் கண்டுபிடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பால் சொசைட்டியில் பாலின் அடர்த்தியைப் பார்க்க லாக்டோமீட்டர் போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருப்பாய். பசும்பாலில் வெறும் தண்ணீர் விட்டால் ரீடிங் 28-க்குக் கீழே இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆடையை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் விட்டால் ரீடிங் பழைய இடத்துக்கே ஏறி நிற்கும். கொழுப்புச் சோதனை செய்தால்தான் குட்டு வெளிப்படும். நல்ல நடிகர், அழகான ஊர், ஷேக்ஸ்பியர் என்று சேர்த்தால் எபிசோடின் ரீடிங்கும் ஏறிவிடும். நான் சொல்லவரும் ‘டேகர் ஆஃப் தி மைண்ட்’ (1972) அப்படிப்பட்ட பால்.

அதற்கு முன்னால் ‘லாஸ்ட் சல்யூட்’டுக்காக ஒரு வார்த்தை. 1976, ஐந்தாம் சீசனின் கடைசி. இயக்கியது பேட்ரிக் மெகூஹன். குறைகள் ஏராளம், மறைக்கவில்லை. கொலம்போ ஆட்களோடு ஒட்டி உட்கார்ந்து, பேச்சை இழுத்து, வேறு யாரோ மாதிரி நடந்துகொள்கிறார். கூடவே உதவிக்கு இரண்டு போலீஸ்காரர்கள், அவர்கள் நிற்க இடமில்லாமல் நிற்கிறார்கள். படகில் நெருக்கியடித்து எடுத்த காட்சிகள் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அதன் எலும்பைப் பார். முந்தின சீசனில் கொலைகாரனாக வந்த நடிகர் ராபர்ட் வான் திரும்ப வருகிறார், கமடோர் என்று அழைக்கப்படும் படகுக் கம்பெனி முதலாளியின் பிணத்தை அப்புறப்படுத்துகிறார். நாம் வழக்கம்போல ‘இவன்தான்’ என்று சாய்ந்து உட்கார்கிறோம். பாதியில் அவரே கொலையாகிறார். முதல் கொலையைச் செய்தது அவரில்லை, தன் மனைவி செய்திருப்பாள் என்று நினைத்து மறைக்கப் பார்த்திருக்கிறார். நம் பழக்கத்தையே பொறியாக்கிய வேலை அது. முடிவில் எல்லோரையும் கூட்டி, ஒரு கைக்கடிகாரத்தை ஒவ்வொருவர் காதிலும் வைத்து, கமடோரின் கடிகாரம் என்கிறார் கொலம்போ. ஒருத்தன் வாயிலிருந்து மட்டும் ‘இல்லையே’ என்று ஒற்றைச் சொல் நழுவுகிறது. அந்தக் கடிகாரம் ஓடாது என்று கொன்றவனுக்குத்தான் தெரியும். மெலிந்த ஆதாரம்தான், இருந்தாலும் கொலைகாரன் வாயிலிருந்து வந்தது. சப்டைட்டில் படித்துக்கொண்டே பார்த்தவர்களுக்கு இந்த இடம் நிச்சயம் தவறிப்போயிருக்கும். யார் சொன்னது என்பதுதான் விஷயம், எழுத்து அதைக் காட்டாது. தோழிகளை அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் சத்தத்தோடு திரும்பப் பார்க்கச் சொல்.

இப்போது ‘டேகர்’. கொலம்போ லண்டன் போகிறார். அங்கே மேக்பெத் நாடகம் போடுகிற நடிக ஜோடி. தயாரிப்பாளர் சண்டைக்கு வருகிறார், கிரீம் ஜாடி பறக்கிறது, ஆள் விழுந்து சாகிறார். முதல் ஓட்டை இங்கேயே. திட்டம் போட்ட கொலை இல்லை, கைதவறின கொலை. அவிழ்க்க முடிச்சு இல்லாத இடத்தில் அவிழ்ப்பவனுக்கு என்ன வேலை? முடிச்சு இல்லாத குறையை ஊர் சுற்றிக் காட்டி நிரப்புகிறார்கள். அந்தக் காட்சிகளைக் கையால் மறைத்துக்கொண்டு பார், கதை ஒரு அங்குலம் குறையாது.

இரண்டாவதுதான் பெரிய குற்றம். சண்டையில் அந்த அம்மாளின் முத்துமாலை அறுந்து சிதறியிருக்கிறது. ஒரு முத்து செத்தவரின் குடைக்குள் விழுந்திருக்கலாம் என்பது கொலம்போவின் ஊகம். அந்தக் குடை மெழுகுச்சிலைக் காட்சிசாலையில் இருக்கிறது. எல்லோர் முன்னாலும் குடையைத் திறக்கிறார்கள், முத்து உருண்டு விழுகிறது, நடிகனுக்குப் புத்தி பேதலித்துக் குட்டு உடைகிறது. முத்து எங்கிருந்து வந்தது? கொலம்போ விரலால் சுண்டிப் போட்டது. அதை லண்டன் போலீசான ஸ்காட்லாந்து யார்டின் அதிகாரிக்குச் செய்தும் காட்டுகிறார், வித்தை காட்டுகிறவர் மாதிரி.

உன் தோழிகள் உடனே மடக்குவார்கள்: கொலம்போ எப்போதும் ஏமாற்றித்தானே பிடிக்கிறார்? இங்கேதான் நிதானமாகப் பேச வேண்டும். ‘டெத் லெண்ட்ஸ் எ ஹேண்ட்’ (1971) எடுத்துக்கொள். செத்த பெண்ணின் கான்டாக்ட் லென்ஸ் ஒன்று தொலைந்துவிட்டது என்று கொலைகாரன் காதில் போட்டுவைக்கிறார். அவன் காரின் புகைக்குழாயில் உருளைக்கிழங்கைச் சொருகிப் படுக்கவைத்து, கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்படி செய்கிறார். அவன் ராத்திரியோடு ராத்திரியாக வந்து டிக்கியில் லென்ஸ் தேடுகிறான், சிக்குகிறான். சொன்னது பொய்தான். ஆனால் தேட வந்தது அவன் கால். பிணம் அந்த டிக்கியில் இருந்தது என்று தெரியாதவன் அங்கே குனிய மாட்டான். அது பொறி. முத்து அப்படி இல்லை. குற்றமற்றவர் குடையில் சுண்டியிருந்தாலும் அதேபோல் உருண்டு விழுந்திருக்கும். பொறி வைப்பது வேறு, சாட்சியைத் தயாரிப்பது வேறு. அந்த நடிகனுக்குப் புத்தி பேதலிக்காமல் இருந்திருந்தால் கொலம்போ கையில் என்ன மிஞ்சியிருக்கும்? தானே போட்ட முத்து.

அதனால் பழைய பட்டியலில் என் ஓட்டு ‘டேகர்’ மேல். ‘லாஸ்ட் சல்யூட்’ புதுசாக ஒன்றைச் செய்யப்போய்ச் சறுக்கியது. இது சறுக்கியது தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறது.

புதிய பட்டியலில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ‘மர்டர் இன் மாலிபு’ (1990). செத்தவளுடைய உள்ளாடை முன்பின் மாறிக் கிடந்தது என்பதில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஃபாக் அதை எப்படித்தான் பேசி நடித்தாரோ.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் உட்கார்ந்தால் ‘டெத் லெண்ட்ஸ்’ முதலில், ‘டேகர்’ அப்புறம். வரிசையை மாற்றாதே, பொறியைப் பார்த்த கண்ணோடு முத்தைப் பார்க்க வேண்டும். குடையைத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, ‘இந்த முத்து இல்லாமல் இவனைப் பிடிக்க என்ன இருக்கிறது’ என்று ஆளுக்கொரு வரி எழுதச் சொல். எழுதின பிறகு ஓட்டு.

உன் அம்மா உன் தோழிகள் கட்சி. கொலைகாரன் யார் என்று மறைத்தால் அது கொலம்போவே இல்லை என்கிறாள், நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. சித்தூர்க் கொங்கன்படைத் திருவிழாவுக்கு வரும்போது நீயே பேசிப் பார்.

அன்புடன்,
அப்பா