தாழ்வாரத்துக்குப் பதில் வடிகால்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் செயற்குழுவின் வணக்கம்.

நம் மண்டபத் திருப்பணி முடிந்துவிட்டது. ஆனால் திருப்பணி என்று சொல்லி உங்களிடம் நன்கொடை வாங்கியது முன்தாழ்வாரத்துக்குப் புதுக் கூரை போடத்தான். கட்டி முடித்திருப்பதோ பின்பக்கத்து வடிகால், ஒரு குப்பைக் கொட்டகை, மூன்று உரக்குழிகள். இது எப்படி மாறியது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கிறார்கள். பழையவர்களில் சிலர் கோபமாகவே கேட்டார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. கம்பாலாவுக்கு வடக்கே கிடீசி குப்பைமேடு மழையில் ஊறிச் சரிந்து, அடிவாரத்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1996 முதல் நகரத்துக் குப்பை லாரிகள் போய்ச் சேர்ந்த இடம் அது. அடுத்த மாதமே உகாண்டா அதிபர் முசெவேனி, நகர ஆணையமான கே.சி.சி.ஏ.வின் தலைமை அதிகாரிகளைப் பதவியிலிருந்து நீக்கினார். அதெல்லாம் செய்தியில் வந்தது. நம் வாசலில் தெரிந்தது வேறு. வாரம் இரண்டு முறை வந்த லாரி ஒருமுறை வந்தது, அப்புறம் நின்றே போனது. ஆவணி மாத அன்னதானத்து எச்சில் இலையும் தேங்காய் மட்டையும் பத்து நாள் பின்வாசலில் கிடந்து நாறின. மூட்டைக்குக் கூடுதல் கூலி கேட்டார்கள். கொடுத்தோம், ஆள் வரவில்லை. நம் குப்பை எங்கே போகிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, செயற்குழுவையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அந்த மாதம் பெய்த மழையில் பின்பக்க வடிகால் நிரம்பி, மடைப்பள்ளிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் மண், எலும்பு, மக்காச்சோளக் கட்டை, அடுக்கடுக்காகக் கவேரா என்கிற பிளாஸ்டிக் பை. மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு இங்கே 2009லேயே தடை வந்துவிட்டது. தெருமுனைக் கடையில் தக்காளி வாங்கினால் இன்றும் அதில்தான் கட்டித் தருகிறார்கள். நம் மடைப்பள்ளிக்கு வரும் காய்கறியும் அதில்தான் வந்துகொண்டிருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

நாம் இருப்பது ஓல்ட் கம்பாலா மேட்டின் சரிவில். நம் வடிகால் கீழே கிசேனிப் பகுதிக்கு இறங்குகிறது. அங்கிருந்து நக்கிவூபோ கால்வாய். கால்வாய் போய் விழுவது விக்டோரியா ஏரியின் மர்ச்சிசன் குடாவில். கபா நீரேற்று நிலையம் நகரத்துக்குக் குடிநீர் எடுப்பதும் அதே குடாவில்தான். குடா அழுக்காகிக்கொண்டே போவதால், கிழக்கே வெகு தூரத்தில் கடோசியில் இன்னொரு நிலையம் கட்ட வேண்டிவந்தது. இதைப் பொதுக்குழுவில் ஒரு உறுப்பினர் சாக்பீசால் தரையில் வரைந்து காட்டினார். அபிஷேகத்துக்குப் பிடிக்கிற குழாய்த் தண்ணீரில் போய் அந்தக் கோடு முடிந்தது. கூரையைத் தள்ளிவைக்கலாம் என்று தீர்மானம் நிறைவேறியது அன்றுதான். எதிர்த்து வாக்களித்தவர்கள் நான்கு பேர்.

வேலையைப் பற்றி. வடிகாலைத் தோண்டி, 80 அடிக்குக் கல் வைத்துக் கட்டி, மேலே பலகைக் கல் மூடினோம். முதலில் எல்லாக் கல்லையும் சிமெண்டால் பூசிவிடச் சொன்னது நாங்கள்தான், பார்க்க அழகாக இருக்கும் என்று. அடைத்தால் எப்படி அள்ளுவீர்கள் என்று கொத்தனார் கேட்டார். ஆகவே மூன்றுக்கு ஒரு கல் கைப்பிடியோடு கழற்றும்படி இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் வாயில் இரும்புக் கம்பி வலை போட்டோம். முதல் வலையை இரவோடு இரவாக யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது இருப்பது காங்கிரீட்டில் பதித்தது.

வேலை பாதியில் இருந்தபோது எங்கள் பகுதி எல்.சி. (உள்ளூர் மன்றம்) தலைவர் வந்து பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நாற்காலி போட்டோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் தண்ணீர் இனி வேகமாக இறங்கும். கீழே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?" பதில் இல்லை. நம் சுவருக்கு வெளியே தண்ணீரைக் கீழே கொண்டுபோகும் குழாய்ப்பாலம் முக்கால்வாசி அடைபட்டிருந்தது. நாம் இந்தப் பக்கம் சுத்தம் செய்தால், முன்பு நம் மடைப்பள்ளிக்குள் வந்த தண்ணீர் அந்தப் பக்கத்துத் தகரவீடுகளுக்குள் போகும். கூரைக்கென்று மிச்சம் வைத்திருந்த பணமும் தீர்ந்தது இங்கேதான். குழாய்ப்பாலத்திலும் அதற்குக் கீழே 50 அடியிலும் சேர்த்து அடைப்பெடுத்தோம். கூலி ஆள் பாதி. மீதி புலுங்கி ப்வான்சியில் நடந்தது. ஊர் நன்மைக்காக எல்லோரும் மண்வெட்டியோடு வந்து செய்யும், புகாண்டா ராஜ்ஜியத்தின் பழைய வழக்கம் அது. முதல் சனிக்கிழமை நம்மவர்கள் ஆறு பேர்தான் போனோம். எதிர்த்து வாக்களித்த நால்வரில் ஒருவர் அதில் இருந்தார்.

உரக்குழி விஷயத்தில் தோற்றுத்தான் கற்றோம். ஜிஞ்சா, ம்பாலே போன்ற ஊர்களில் நகராட்சிகளே குப்பையை உரமாக்கின, நம்மால் முடியாதா என்று இறங்கினோம். ஊரில் எருக்குழி பார்த்து வளர்ந்தவர்கள்தானே என்ற தைரியம் வேறு. சாம்பார் சாதம், மோர், இலை என்று அத்தனையும் ஒரே குழியில் கொட்டியதில் ஒரு வாரத்தில் புழு நெளிந்து, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். நியாயமான சண்டை. இப்போது சமைத்த உணவு குழிக்குப் போவதில்லை. இலையை நறுக்கி, ஒரு அடுக்கு இலை, ஒரு அடுக்கு காய்ந்த சருகு, மரத்தூள் என்று போடுகிறோம். காய்கறித் தோல்கூடக் குழிக்கு வருவதில்லை. மத்தோக்கே என்கிற சமையல் வாழைக்காயின் தோலுக்கு இந்த ஊரில் எப்போதும் கிராக்கி உண்டு, ஆடு மாடு வளர்ப்பவர்கள் சைக்கிளில் வந்து மூட்டை மூட்டையாக எடுத்துப் போவார்கள். நம் வாழைக்காய்த் தோலையும் ஆடு வளர்க்கும் ஒரு அம்மா தினமும் காலையில் வாங்கிப் போகிறார். தேங்காய்ச் சிரட்டை, சோளம் சுட்டு விற்பவர்களின் சிகிரி என்கிற கரி அடுப்புக்குப் போகிறது. லாரிக்கு என்று மிஞ்சுவது வாரத்துக்கு இரண்டு மூட்டை. முன்பு பதினைந்து போனது.

வரவு செலவுத் தாளை மண்டப அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். சிமெண்ட் கொடுத்த உறுப்பினருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அவர் கேட்கவில்லை என்பதற்காக நாம் மறந்துவிடக் கூடாது. குழாய்ப்பாலச் செலவுக்குப் பொதுக்குழு ஒப்புதல் வாங்காமல் முடிவெடுத்தோம், மழை தொடங்க இரண்டு வாரமே இருந்தது. அதற்குப் பின்னேற்பு கேட்டு அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வைப்போம். நிராகரித்தால் அந்தத் தொகையைச் செயற்குழு ஏழு பேரும் பிரித்துக் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அன்னதானம் ஏற்பவர்கள் பிளாஸ்டிக் தம்ளர், தெர்மாகோல் தட்டு கொண்டுவர வேண்டாம். எவர்சில்வர் தம்ளர் நம்மிடமே 200 இருக்கிறது, கழுவத்தான் ஆள் வேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை 7 மணிக்கு வடிகால் கற்களைத் தூக்குவோம். கொட்டகைச் சாவி பூசாரியிடம் இருக்கிறது.

தாழ்வாரக் கூரை பழையதுதான். ஒழுகும் இரண்டு இடத்திலும் வாளி வைத்திருக்கிறோம், தட்டிவிடாமல் நடக்கவும்.

இப்படிக்கு,
திருப்பணிச் செயற்குழு, கம்பாலா