விளக்கு சொல்றத நம்பலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

அணுமின் நிலையத்துக்குள்ள ஏஐ வருதுன்னு நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். நான் அனல்மின் நிலையத்துல கன்ட்ரோல் ரூம் ஷிப்ட் பாத்து ரிட்டயர் ஆனவன், அணு உலை பக்கம் போனதில்ல, ஆனா பேனலும் அலாரமும் எங்கயும் ஒண்ணுதான்.

1979 மார்ச் 28 விடிகாலை, அமெரிக்காவுல த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்துல பிரஷர் தணிக்க தொறந்த ஒரு வால்வு மறுபடி மூடாம மாட்டிக்கிச்சு. பேனல்ல விளக்கு அணைஞ்சிருச்சு, சரி மூடிருச்சுன்னு ஆபரேட்டருங்க நம்பிட்டாங்க. அந்த விளக்கு காட்டுனது 'மூடு'ன்னு ஆர்டர் போயிருச்சுங்கறத மட்டும்தான், வால்வு மூடுச்சாங்கறத இல்ல! ரெண்டு மணி நேரத்துக்கு மேல உலைய குளிர்விக்கற தண்ணி அது வழியா போய்க்கிட்டே இருந்திருக்கு, இவங்க என்னடான்னா தண்ணி ஜாஸ்தியா இருக்குன்னு நெனச்சு உள்ள வந்த எமர்ஜென்சி தண்ணியையும் கொறச்சுட்டாங்க. ஆரம்பத்துல சில நிமிஷத்துலயே நூறு அலாரத்துக்கு மேல.

அந்த நேரத்துல ஹூட்டர் சத்தம் தாங்காம கை மொதல்ல போறது 'பாத்துட்டேன்'னு சத்தத்த நிறுத்தற அக்னாலெட்ஜ் பட்டனுக்குத்தான் சார், படிக்கறதெல்லாம் அப்புறம். எது மொதல்ல வந்துச்சு, எது அதோட வாலுன்னு பிரிச்சு சொல்ல ஒரு ஏஐ பக்கத்துல இருந்தா நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். கலிபோர்னியா டயாப்லோ கேன்யன் அணுமின் நிலையத்துல 2024ல அறிவிச்ச ஏஐயும் பழைய டாகுமென்ட்ட தேடி எடுக்கறதுக்குத்தான், பிளான்ட்டுக்குள்ளயே சர்வர் வச்சு. அதுவும் நல்ல வேல, ஒரு டிராயிங் தேட அரை ஷிப்ட் போன கதையெல்லாம் எங்கிட்ட இருக்கு. நெட்வொர்க்க மட்டும் பாத்துக்கணும், 2019ல கூடங்குளத்துல ஆபிஸ் நெட்வொர்க் கம்ப்யூட்டர்ல மால்வேர் புகுந்தது ஞாபகம் இருக்கும், நல்லவேளை கன்ட்ரோல் சிஸ்டம் தனியா இருந்துச்சு.

எங்க பிளான்ட்ல ஒரு நைட்டு, வால்வு தொறந்திருக்கா மூடியிருக்கான்னு பேனலுக்கு சொல்ற லிமிட் சுவிட்ச் ஒட்டிக்கிட்டு, மூடுன ஸ்டீம் வால்வு தொறந்தே இருக்குன்னு பேனல் காட்டுச்சு. நாங்க ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிட்டு இருந்தோம். ஹெல்பர் தம்பி டார்ச்ச எடுத்துட்டு போய் பைப்ப தொட்டு பாத்துட்டு வந்து "சில்லுன்னு கெடக்குண்ணே"ன்னான், அவ்ளோதான் விஷயம். அந்த சிக்னல ஏஐக்கு குடுத்திருந்தா அதுவும் எங்கள மாதிரியே, இன்னும் வேகமா, அழகா ஒரு காரணம் சொல்லியிருக்கும்.

கட்டுரை எழுதுனவரு அடுத்த தடவ பிளான்ட்டுக்காரங்கள பாத்தா இத ஒண்ணு கேட்டு எழுத சொல்லுங்க: ஏஐக்கு போற சிக்னல் வால்வுல இருந்து வருதா, சுவிட்சுல இருந்து வருதா?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஷிப்ட் ஆபரேட்டர்,
திருநெல்வேலி