நேராக இழுக்கும் போல்ட்

தூன், சுவிட்சர்லாந்து

அன்புள்ள சீனு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். பேரன் சுவிஸ் ஜெர்மனில் கேட்கிறான், நான் தமிழில் பதில் சொல்கிறேன், பேச்சு தடையில்லாமல் ஓடுகிறது. கோடை விடுமுறையில் ஊருக்கு வரலாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். வந்தால் முதலில் கோயம்புத்தூர்தான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். டிவியில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் பார்த்தபோது, பனியில் சறுக்கிக்கொண்டு வந்த பெண் விரலால் லேசாக இழுத்ததுமே துப்பாக்கி அடுத்த குண்டுக்குத் தயாரானதே, அது ஆட்டோமேட்டிக்கா என்று கேட்டிருந்தாய். இல்லை. பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த அந்த பயத்லான் போட்டியில் தானாக லோடு ஆகும் துப்பாக்கிக்கு அனுமதியே கிடையாது. நீ பார்த்தது ஸ்ட்ரெயிட்-புல் போல்ட், அதாவது தோட்டாவின் பின்னால் கதவுபோல மூடும் போல்ட்டைத் திருப்பாமல் நேராக இழுக்கும் வகை. 'இவ்வளவு சுலபமானது என்றால் ராணுவங்கள் ஏன் அதை விட்டுவிட்டன' என்ற உன் அடுத்த கேள்விதான் என்னைக் கொஞ்ச நாளாகத் தூங்கவிடவில்லை.

என்.சி.சி.யில் நாம் பிடித்த .303 லீ-என்ஃபீல்டு நினைவிருக்கிறதா? கைப்பிடியை மேலே தூக்கு, பின்னால் இழு, முன்னால் தள்ளு, கீழே மடக்கு. ஸ்ட்ரெயிட்-புல்லில் இழுப்பதும் தள்ளுவதும் மட்டுமே கையின் வேலை. ஆனால் தோட்டா வெடிக்கும்போது போல்ட் பூட்டப்பட்டே இருக்க வேண்டும், அதனால் இழுக்கும்போது அந்தப் பூட்டை உள்ளே ஏதோ ஒன்று விலக்கித்தான் ஆக வேண்டும். பழைய ராணுவ ரைஃபிள்களில் கை செய்யாத திருப்பலைச் சாய்வாக வெட்டிய காடி (பள்ளம்) செய்கிறது. நேராக வரும் இழுப்பு அந்தக் காடியில் ஏறிச் சுழற்சியாக மாறி, பூட்டு விலகுகிறது. லேத்தில் த்ரெட் வெட்டியே வாழ்ந்தவன் நீ, இதை நான் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

இதில் இழப்பு எங்கே என்றால், சுட்டு முடித்ததும், தோட்டா உட்காரும் அறையான சேம்பரில் ஒட்டிக்கொண்டிருக்கும் காலித் தோட்டாவை வெளியே எடுப்பதில்தான். வெடித்த சூட்டில் பித்தளை விரிந்து சேம்பர் சுவரோடு இறுகிவிடும். மரத்தில் இறுகிய ஆணியை முதலில் திருகி அசைத்துவிட்டுத்தானே பிடுங்குவோம்? .303-இல் கைப்பிடியைத் தூக்கும்போதே அந்த வேலை நடந்துவிடுகிறது. நீண்ட கைப்பிடி, குறுகிய சரிவு, அதனால் பெரிய விசை. நேராக இழுக்கும்போது அந்த நெம்புபலம் மிகவும் குறைவு. சேம்பர் சுத்தமாக, தோட்டா அளவு சரியாக இருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. மண்ணோ சூடோ சேர்ந்துவிட்டால் மனிதனின் தோள்பலத்தைத்தான் நம்ப வேண்டும்.

இதற்கு உயிரைக் கொடுத்தவர்கள் கனடாக்காரர்கள். சர் சார்லஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்துப் பிரபு வடிவமைத்த ஸ்ட்ரெயிட்-புல் ரைஃபிளை 1903-இல் கனடா தன் ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டது. கியூபெக் நகரில் தொழிற்சாலை. இலக்குச் சுடுதலில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் 1911-லும் 1913-லும் மன்னர் பரிசை வென்ற கனடியர்கள் கையில் இருந்தது ராஸ்தான். அதே ரைஃபிளோடு முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் சேற்றுக்குள் சிப்பாய்களை இறக்கினார்கள். ராஸின் சேம்பர் இறுக்கமானது. கையில் கிடைத்த பிரிட்டிஷ் தோட்டாக்களின் அளவோ கொஞ்சம் தாராளம். வேகமாகச் சுட்டதும் போல்ட் சிக்கிக்கொண்டது. பூட்ஸ் காலால் உதைத்தும், மண்வெட்டிப் பிடியால் தட்டியும் திறந்திருக்கிறார்கள், எதிரே ஜெர்மானியர்கள் வந்துகொண்டிருக்கும்போது. உயிர் பிழைத்த 5,000 பேரில் 1,452 பேர் ராஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, கீழே கிடந்த லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு குறையை நீ தொழிலாளியின் கண்ணோடு பார். போல்ட்டைப் பின்னால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் பூட்டு லக்கின் (போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் பல்) பின்முனை, போல்ட்டை நிறுத்தும் சிறிய கட்டையில் இடிக்கும். மோதும் பரப்பு குறைவு, இரும்பும் போதிய அளவு கடினப்படுத்தப்படவில்லை. மோத மோதப் பிசிறு எழுந்து லக் உருக்குலைந்தது, பிறகு போல்ட்டை மூடுவதே பாடாகிவிட்டது. கட்டையைப் பெரிதாக்கி, லக்கைச் சரியாகச் சூட்டுப்பதம் செய்து பின்னால் திருத்தினார்கள். இதைவிடக் கொடுமை, துடைப்பதற்காகக் கழற்றிய போல்ட்டைத் தப்பாக மாட்டவும் முடியும். அப்படி மாட்டினாலும் போல்ட் மூடும், சுடவும் செய்யும், ஆனால் பூட்டாது. சுட்டவன் முகத்தை நோக்கியே அது பாயும். தப்பாக மாட்டவே முடியாதபடி ஒரு பாகத்தை வடிவமைப்பது நம் தொழிலின் முதல் பாடம். அதைத் தடுக்க ஒரு ரிவெட் போதும் என்று பிறகுதான் தோன்றியிருக்கிறது. எனக்கு இப்போதும் கோபம் வருகிறது, சீனு.

படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ் கடைசிவரை ராஸை விட்டுக்கொடுக்கவில்லை. புகார் செய்த தளபதிகளோடு சண்டை போட்டார். 1916-க்குள் கனடியப் படை முழுக்க லீ-என்ஃபீல்டுக்கு மாறியது, அந்த நவம்பரில் ஹியூஸும் பதவி இழந்தார். ஆனால் மறைந்திருந்து சுடுபவர்கள் மட்டும் ராஸைக் கைவிடவில்லை. ஒஜிப்வே பூர்வகுடியைச் சேர்ந்த பிரான்சிஸ் பெகமகபோ போர் முழுக்கப் பெயர் வாங்கியது அந்த ரைஃபிளோடுதான். தோட்டாவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அவசரமில்லாமல் ஒன்றிரண்டு முறை சுட்டு, உடனே துடைத்து வைப்பவனுக்கு அது அருமையான கருவி.

இதை வைத்து ஸ்ட்ரெயிட்-புல்லே சேற்றுக்கு ஆகாது என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை 1895-ஆம் ஆண்டு மான்லிகர் ரைஃபிளோடு அந்தப் போர் முழுவதையும் கடந்தது. அதுவும் நேராக இழுப்பதுதான். ஐந்து தோட்டாவை, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்போடு அப்படியே உள்ளே அழுத்த வேண்டும், கடைசித் தோட்டா ஏறியதும் காலி கிளிப் அடிவழியே விழுந்துவிடும். அந்த ஓட்டை வழியாக மண் ஏறும் என்ற குறை உண்டு, காலித் தோட்டா ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆனாலும் லட்சக்கணக்கில் செய்து, வருடக்கணக்கில் சுட்டார்கள்.

நான் இருக்கும் நாட்டின் கதை இன்னும் தெளிவாக்குகிறது. சுவிட்சர்லாந்து 1889-லேயே ருடால்ஃப் ஷ்மிட் வடிவமைத்த ஸ்ட்ரெயிட்-புல்லை எடுத்துக்கொண்டது. முதல் வடிவில் பூட்டு லக்குகள் பின்னால் தள்ளி இருந்ததால் ரைஃபிளின் உடல் அநாவசிய நீளம். 1931-இல் பெர்ன் ஆயுதத் தொழிற்சாலையில் லக்குகளைத் தோட்டாவுக்குப் பின்னாலேயே கொண்டுவந்து கே-31 செய்தார்கள். துப்பாக்கியின் மொத்த நீளம் கூடாமலே குழல் நீண்டது. 1958 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதன் தோட்டா தயாரானது இதே தூனில் இருந்த அரசு ஆலையிலும்தான். ஒரே நாடு, ஒரே அளவு, சேம்பருக்கும் தோட்டாவுக்கும் சண்டையே இல்லை. சிப்பாய் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் பொருளாகவே பராமரித்தான். பழைய கே-31-களின் பின்தகட்டைக் கழற்றினால் அந்தச் சிப்பாயின் பெயர் எழுதிய சீட்டு இன்னும் கிடைப்பதுண்டு. வருடாவருடம் இங்கே ஊர் ஊராக 300 மீட்டர் சுடுதல் திருவிழா நடக்கும். போன முறை போயிருந்தபோது ஒரு பெரியவர் கே-31 வைத்திருந்தார். பட்டுப்போல இழுபட்டது. ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது. சுவிஸ் ரைஃபிளை ஈப்ர் சேற்றில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இந்த நாடு அந்தப் போரில் இறங்கவே இல்லை.

இவ்வளவு சிக்கலுக்குக் கிடைத்த வேகம் எவ்வளவு? அங்கேதான் எனக்குச் சந்தேகம். பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் சிப்பாய் திருப்பும் போல்ட்டை வைத்துக்கொண்டே நிமிடத்துக்குக் குறி பார்த்து 15 குண்டு சுட்டான். அதற்கு மேல் சில நொடி மிச்சம் பிடிப்பதற்காகக் கூடுதல் பாகங்கள், கூடுதல் செலவு, குறைந்த பிடுங்கும் பலம் என்பது ராணுவத்துக்குக் கட்டுப்படியாகாத கணக்கு.

பயத்லானில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. அங்கே .22 தோட்டா. சின்னது, அழுத்தம் குறைவு, காலிக் கூடு தானாக வழுக்கி வரும், பிடுங்க பலமே வேண்டாம். சேறு கிடையாது. ஐம்பது மீட்டரில் ஐந்து இலக்கு வட்டம், படுத்துச் சுடும்போது 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. மலையேறி வந்து நெஞ்சு படபடக்க நிற்பவளுக்கு ஒவ்வொரு நொடியும் பதக்கம். ஆட்காட்டி விரலால் இழுத்து, கட்டைவிரலால் தள்ளினால் போதும். கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழாது, குறி கலையாது. 1980-களில் ஜெர்மனியின் ஃபோர்ட்னர் போல்ட் வந்தபின் அங்கே திருப்பும் போல்ட் ஏறக்குறைய காணாமலே போய்விட்டது. ஐரோப்பாவில் காட்டுப்பன்றியை விரட்டிச் சுடும் வேட்டைக்காரர்களும் பிளாசர் கம்பெனியுடையது மாதிரி ஸ்ட்ரெயிட்-புல்லை விரும்புகிறார்கள், ஓடும் மிருகத்துக்கு இரண்டாவது குண்டு உடனே வேண்டுமே. பிரிட்டனில் அது பெருகக் காரணம் வேறு. ஹங்கர்ஃபோர்டு ஊரில் நடந்த துப்பாக்கிப் படுகொலைக்குப் பின் 1988-இல் வந்த சட்டம் தானாக லோடு ஆகும் பெரிய ரைஃபிள்களைத் தடை செய்தது, ஆட்கள் கையால் இழுப்பதற்கு மாறினார்கள்.

அப்புறம் உன் பேத்தி விஷயம். கல்லூரி அணியில் சுடுகிறாள், ஸ்ட்ரெயிட்-புல் வாங்கினால் உதவுமா என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்று சொல். 2024-இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அதே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டிதானே அவளுடையது? அதில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால்தான் வைக்க வேண்டும், மேகசின் கிடையாது. ஆகவே போல்ட்டில் மிச்சமாகும் நொடியால் பெரிய பலன் இல்லை. அந்தப் பணத்தில் தோட்டா வாங்கட்டும். அவளுடைய குழலுக்கு எந்தத் தயாரிப்பு, எந்த லாட் (ஒரே தடவையில் செய்த தொகுதி) ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அதிலேயே நிறைய வாங்கி வைக்கட்டும். முடிந்தால் மேலே போட்டுக்கொள்ள ஒரு நல்ல ஷூட்டிங் ஜாக்கெட். மாநிலப் போட்டியில் என்ன ஸ்கோர் எடுத்தாள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

தங்கைக்கு என் விசாரிப்புகள்.

அன்புடன்,
மணி